போர்ட் திறந்திருக்கிறதா? ஐம்பது ஆண்டுகளாகக் கேட்கப்படும் ஒரு கேள்வி



நீங்கள் எழுதிய மென்பொருள் ஒரு தரவுத்தளத்தோடு இணைய வேண்டும். இணையவில்லை. திரையில் 'கனெக்ஷன் ரெஃபியூஸ்ட்' என்று வருகிறது. இன்னொரு நாள், அதே இடத்தில், நெடுநேரம் காத்திருந்த பிறகு 'கனெக்ஷன் டைம்ட் அவுட்' என்று வருகிறது. படிக்கத் தொடங்கியிருக்கும் பலர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பாஸ்வேர்டை மாற்றுவார்கள், சேர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்குவார்கள், கடைசியில் பயர்வோலையே கழற்றிவிடுவார்கள். ஆனால் அந்த இரண்டு வரிகளும் இரண்டு வேறு செய்திகள். அவற்றை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

தரவுத்தளத்தோடு இணைவதற்கு முன் 'அந்தப் போர்ட் திறந்திருக்கிறதா' என்று பார்க்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வியால் எதை அறியலாம், எதை அறிய முடியாது? இன்றைய காணொளி இதைப் பற்றியதுதான்.

முதலில் போர்ட் என்றால் என்ன என்பதை வடிவாக விளங்கிக்கொள்வோம். கொழும்பில் காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் எத்தனை தொடர்மாடிகள் இருக்கின்றன! ஒரு தொடர்மாடிக்கு முகவரி ஒன்றுதான். உள்ளே வீடுகள் பல. கணினியின் ஐ.பி. முகவரி அந்தக் கட்டடத்தின் முகவரி. போர்ட் என்பது வீட்டு இலக்கம். நீங்கள் போய்க் கதவைத் தட்டினால் மூன்றில் ஒன்று நடக்கும். கதவைத் திறந்து 'வாங்கோ' என்பார்கள். அல்லது, 'அந்த இலக்கத்தில் ஒருவரும் இல்லை' என்று கட்டடத்தில் இருப்பவர் உடனே சொல்லிவிடுவார். அல்லது ஒரு சத்தமும் வராது. நீங்கள் கேட்டடியிலேயே நிற்க வேண்டியதுதான். திறந்திருக்கிறது, மறுக்கப்பட்டது, மௌனம். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரலாறு.

1969-இல் அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் தொடங்கியது. தூரத்தில் இருக்கும் ஒரு கணினிக்குள் நுழைந்து வேலை செய்ய டெல்நெட் என்ற முறையை அதே ஆண்டில் முன்மொழிந்தார்கள். கொஞ்ச நாளில் ஒரு சிக்கல் வந்தது. ஒரே கணினியில் பல சேவைகள் இருந்தால், எந்தச் சேவை எந்த இலக்கத்தில் என்று வெளியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? 1972 மே மாதம் ஜோன் போஸ்டல் என்ற இளம் ஆய்வாளர் ஆர்.எஃப்.சி. 349 என்ற சிறிய குறிப்பை எழுதினார். எல்லோருக்கும் பொதுவான இலக்கங்களை ஒருவர் பொறுப்பாக நின்று கொடுக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. அந்தப் பொறுப்பைத் தானே எடுக்கலாமா என்றும் அதிலேயே கேட்டார். டெல்நெட்டுக்கு 1, கோப்புப் பரிமாற்றத்துக்கு 3, எக்கோவுக்கு 7, டிஸ்கார்டுக்கு 9 என்று பட்டியல் போட்டார். எக்கோவும் டிஸ்கார்டும் இன்று வரை அதே 7-இலும் 9-இலும்தான் இருக்கின்றன.

எல்லாமே ஒற்றை எண்கள் என்பதைக் கவனித்தீர்களா? அன்றைய விதிமுறையில் ஓர் இணைப்பு ஒரு வழிக்கு மட்டுமே. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு இலக்கங்கள் வேண்டும். அந்தச் சோடியில் ஒற்றை எண்ணைத்தான் பட்டியலில் போட்டார்கள். டி.சி.பி. என்ற புதிய விதிமுறை வந்த பிறகு ஒரே இணைப்பில் இரண்டு பக்கமும் கதைக்கலாம் என்றாகிவிட்டது. ஆனாலும் பழைய வழக்கத்தின் தடம் போகவில்லை. கோப்புப் பரிமாற்றம் 21, டெல்நெட் 23, மின்னஞ்சல் 25 என்று இன்றும் ஒற்றை எண்களாக நிற்பதற்குக் காரணம் அதுதான். போஸ்டல் 1998 ஒக்டோபரில் தன்னுடைய 55-ஆவது வயதில் காலமாகும் வரை அந்த இலக்கங்களைப் பேணிக் காத்தார். உலகம் முழுவதும் ஒரே ஒழுங்கில் இணையத்தைப் பாவிக்கிறது என்றால், அதில் அவருடைய பங்கு மிகப் பெரியது.

1974-இல் வின்ட் செர்ஃப், பொப் கான் இருவரும் டி.சி.பி.யின் அடிப்படையை வெளியிட்டார்கள். 1981 செப்டெம்பரில் ஆர்.எஃப்.சி. 793 அதை முழு விதிமுறையாக்கியது. நாம் பார்க்கிற அந்த மூன்று பதில்களும் அங்கேதான் உறுதியாகின்றன. இணைய விரும்பும் கணினி முதலில் 'சின்' என்ற சிறிய செய்தியை அனுப்பும். அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருந்தால் 'சின்-அக்' என்று பதில் வரும். இந்தப் பக்கம் 'அக்' என்று முடித்தால் இணைப்பு ஆயத்தம். காத்திருப்பவர் இல்லையென்றால் 'ரீசெட்' என்ற மறுப்பு வரும். போர்ட் இலக்கத்துக்கு 16 பிட் இடம் ஒதுக்கினார்கள். அதனால் 0 முதல் 65535 வரை. 1983-இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. என்ற இயங்குதளம் இந்த விதிமுறையைச் சாதாரண நிரலாளரின் கைக்குக் கொண்டுவந்தது. 'கனெக்ஷன் ரெஃபியூஸ்ட்' என்ற பிழைச் செய்தி நமக்கு அந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

இப்போது இலங்கைக்கு வருவோம். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியால் லேர்ன் என்ற கல்வி வலையமைப்பு உருவானது. 1990-இல் லேர்ன்மெயில் என்ற மின்னஞ்சல் சேவை தொடங்கியது. நம்முடைய நாட்டுக்கான 'எல்.கே.' என்ற இணைய முகவரிப் பெயரும் அதே ஆண்டில்தான் பதிவானது. அந்த அஞ்சல் தொலைபேசி வழியாகச் சேர்த்துச் சேர்த்து அனுப்பப்பட்டது. உயிரோடு நிற்கும் இணைப்பு இல்லாதபோது, வெளிநாட்டுக் கணினி ஒன்றின் போர்ட் திறந்திருக்கிறதா என்று கேட்கவே வழியில்லை. 1995-இல் வர்த்தக இணையச் சேவை வந்த பிறகுதான் கொழும்பில் இருந்து உலகத்தின் எந்தக் கணினியையும் நேரடியாகக் கேட்டுப் பார்க்க முடிந்தது.

கேட்பதற்குக் கையில் இருந்த கருவி டெல்நெட்தான். தூரக் கணினிக்குள் நுழைவதற்காகச் செய்யப்பட்ட நிரல் அது. ஆனால் அதற்கு முகவரியோடு ஓர் இலக்கத்தையும் கொடுத்தால் நேரே அந்தப் போர்ட்டுக்குப் போகும். இதைக் கண்டுகொண்ட நிருவாகிகள் அதைச் சோதனைக் கருவியாக்கிவிட்டார்கள். இன்றும் நீங்கள் செய்து பார்க்கலாம். மைஎஸ்கியூஎல் ஓடும் கணினியின் 3306-க்கு டெல்நெட் செய்தால், விளங்காத சில எழுத்துகளுக்கு நடுவே அந்தத் தரவுத்தளத்தின் பதிப்பு இலக்கம் தெரியும். ஏனென்றால் மைஎஸ்கியூஎலில் சேர்வர்தான் முதலில் கதைக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் 5432-க்குப் போனால் திரை வெறுமையாக இருக்கும். அங்கே நாம்தான் முதலில் கதைக்க வேண்டும். வெறுந்திரையைப் பார்த்து இணைப்பு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது திறந்திருக்கிறது, உங்களுக்காகக் காத்திருக்கிறது.

1990-களின் நடுப்பகுதியில் ஹொபிட் என்ற புனைபெயரில் ஒருவர் நெட்கேட் என்ற சிறு கருவியை வெளியிட்டார். போர்ட்டைத் தட்டிப் பார்த்து உடனே பதிலைச் சொல்லும் வேலையை அது மிக எளிதாக்கியது. 1997 செப்டெம்பரில் கோர்டன் லயன் என்பவர் என்மேப்பை வெளியிட்டார். ஒரு வலையமைப்பில் இருக்கும் அத்தனை கணினிகளின் போர்ட்களையும் வரிசையாகக் கேட்டு, திறந்தது, மூடியது, வடிகட்டப்பட்டது என்று பிரித்துக் காட்டும் கருவி அது. வடிகட்டப்பட்டது என்றால், நடுவில் ஒரு பயர்வோல் நம்முடைய செய்தியை விழுங்கிவிட்டது என்று அர்த்தம். பயர்வோல் சிலவேளை மறுப்பும் அனுப்பும். ஆனால் பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும். அந்த மௌனத்தின் முன்னால் உங்கள் கணினி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும். பல ஆண்டுகளாக லினக்ஸின் வழக்கமான அமைப்பில் அது கைவிடுவதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். 'டைம்ட் அவுட்' என்ற செய்தி தாமதமாக வருவதற்கும், 'ரெஃபியூஸ்ட்' உடனே வருவதற்கும் காரணம் இதுதான்.

மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வழியே இல்லாமல் போவது. கொட்டாஞ்சேனையில் இருந்து பார்த்தால் தெரிகிற கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே, 2004 ஆகஸ்டில், ஓர் இந்தியக் கப்பலின் நங்கூரம் கடலடியில் கிடந்த சீ-மீ-வீ 3 கேபிளைச் சேதப்படுத்தியது. நாட்டின் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசியும் பெரும்பாலும் நின்றுபோயின. அப்படியான ஒரு நேரத்தில் வெளிநாட்டில் இருக்கும் ஒரு தரவுத்தளத்தைத் தட்டிப் பாருங்கள்: சேர்வர் நலமாக இருக்கும், போர்ட் திறந்தே இருக்கும், ஆனால் பதில் வராது. 'ரெஃபியூஸ்ட்' என்று ஒரு மறுப்பு வந்தால், உங்கள் செய்தி போகிறது, பதிலும் வருகிறது, ஏதோ ஓர் இயந்திரம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பாதையைத் தேடத் தேவையில்லை. தரவுத்தளம் ஓடுகிறதா, சரியான முகவரியில் காத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மறுப்பு ஒரு நல்ல தகவல். மௌனம்தான் கடினமானது.

அதே 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை இங்கே யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. அடுத்த நாட்களில் கொழும்பின் மென்பொருள் துறையைச் சேர்ந்த தன்னார்வலர்கள் சேர்ந்து, லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷனின் ஒருங்கிணைப்பில், சஹானா என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனவர்களின் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, எங்கே என்ன தேவை என்ற விபரம் எல்லாம் அதில் இருந்தன. பிறகு அது 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும் பயன்பட்டது. சமூகப் பயனுக்காக ஃப்ரீ சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷன் வழங்கும் விருது 2006-இல் அதற்குக் கிடைத்தது. இந்த நகரத்தில், அந்தத் துயரத்துக்கு நடுவில், இங்கே இருந்தவர்கள் எழுதிய மென்பொருள் அது. இதை நாம் பெருமையோடு சொல்ல வேண்டும்.

சஹானா பி.எச்.பி.யில் எழுதப்பட்டது, தரவுகள் மைஎஸ்கியூஎலில். இந்தச் சோடியில் வேலை செய்யும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. மென்பொருளும் தரவுத்தளமும் ஒரே கணினியில் இருக்கும்போது, லினக்ஸில் முகவரியை 'லோக்கல்ஹோஸ்ட்' என்று கொடுத்தால் மைஎஸ்கியூஎல் போர்ட்டைப் பாவிப்பதே இல்லை. ஒரு சொக்கெட் கோப்பு வழியாகக் கதைக்கும். 127.0.0.1 என்று கொடுத்தால்தான் 3306-க்குப் போகும். அதனால் போர்ட் சோதனை தோற்றாலும் மென்பொருள் நன்றாக ஓடலாம். வேறொரு கணினிக்குத் தரவுத்தளத்தை மாற்றிய அன்று கதை தலைகீழாகும். உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் வழக்கமாக 127.0.0.1-இல் மட்டும் காத்திருக்கும்; போஸ்ட்கிரெஸும் லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும்தான். தரவுத்தளம் ஓடிக்கொண்டே இருக்கும், வெளியில் இருந்து கேட்டால் 'ரெஃபியூஸ்ட்' வரும். அதைத் திறந்துவிடும் அமைப்பு ஒரு வரிதான். அந்த ஒரு வரியை மாற்றுவதற்கு முன், அடுத்துச் சொல்லப்போவதைக் கேளுங்கள்.

2003 ஜனவரி 25. ஸ்லாமர் என்ற கணினிப் புழு இணையத்தில் இறங்கியது. மைக்ரோசொஃப்ட் எஸ்கியூஎல் சேர்வர் தன்னுடைய விபரத்தைச் சொல்வதற்காகத் திறந்து வைத்திருந்த யு.டி.பி. 1434 என்ற போர்ட்தான் அதன் வழி. புழுவின் அளவு வெறும் 376 பைட். தொடக்கத்தில் 8.5 வினாடிக்கு ஒருமுறை இரட்டித்தது; பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பத்து நிமிடத்துக்குள் பிடித்துவிட்டது. ஏறத்தாழ 75,000 கணினிகள். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஆறு மாதத்துக்கு முன்பே, 2002 ஜூலையில் வெளியாகியிருந்தது. திருத்தத்தைப் போடாததும் ஒரு காரணம். தரவுத்தளத்தின் போர்ட்டை உலகம் முழுவதற்கும் திறந்து வைத்திருந்தது இன்னொரு காரணம்.

2017 ஜனவரியில் மொங்கோடிபி என்ற தரவுத்தளத்துக்கும் அதே கதி. 27017 என்ற போர்ட்டைப் பாஸ்வேர்ட் இல்லாமல் இணையத்தில் திறந்து வைத்திருந்த பல்லாயிரக்கணக்கான தரவுத்தளங்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த 3.6 பதிப்பு, தானாகவே லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் காத்திருக்கும்படி மாற்றப்பட்டது.

ஆகவே ஒரு தரவுத்தளப் போர்ட் திறந்திருக்கிறதா என்ற கேள்விக்குச் சரியான பதில், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது. உங்கள் மென்பொருள் ஓடும் சேர்வர் கேட்டால் 'திறந்திருக்கிறது' என்று வர வேண்டும். வீதியால் போகும் யாரோ கேட்டால் பதிலே வரக்கூடாது. அதனால் சோதனையை இரண்டு இடங்களில் இருந்து செய்யுங்கள்: உள்ளே இருந்து ஒருமுறை, வெளியே இருந்து ஒருமுறை. அதுவும் உங்களுடைய கணினிகளில் மட்டும், அல்லது அனுமதி பெற்ற இடங்களில் மட்டும். இலங்கையில் 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் மற்றவருடைய கணினிக்குள் நுழைய முயல்வது குற்றம். படிக்கிற ஆர்வத்தில் அடுத்தவர் கணினியைத் தட்டிப் பார்க்கப் போகாதீர்கள்.

கடைசி அத்தியாயத்துக்குக் கொஞ்சம் பின்னால், 2013-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் டொக்கர் வந்தது. மென்பொருளையும் தரவுத்தளத்தையும் தனித்தனிக் கொள்கலன்களில் போட்டு ஒரே கட்டளையில் எழுப்பும் பழக்கம் பரவியது. வெள்ளவத்தை ராமகிருஷ்ண வீதியில் இருக்கும் ஐ.ஐ.டி. போன்ற கல்வி நிறுவனங்களில் படிக்கிற பிள்ளைகள் முதல், கொழும்பின் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் வரை இன்று எல்லோரும் இதைப் பாவிக்கிறார்கள். இதில் ஒரு புதுச் சிக்கல். மென்பொருள் ஒரு வினாடியில் எழும்பிவிடும். தரவுத்தளம் எழும்ப நேரம் எடுக்கும். முந்தி எழும்பியது இணையப் பார்த்து, முடியாமல் விழுந்துவிடும். எனவே போர்ட் திறக்கும் வரை காத்திருக்கும் சிறு நிரல்களை எல்லோரும் எழுதத் தொடங்கினார்கள். பழைய கேள்வி புதிய இடத்தில் மீண்டும் வந்தது.

ஆனால் இங்கே அந்தக் கேள்வியிடம் அதனால் தர முடியாத ஒன்றை எதிர்பார்த்தோம். 'சின்'-க்கு 'சின்-அக்' என்று பதில் சொல்வது தரவுத்தளம் அல்ல, இயங்குதளம். நிரல் இறுகிப்போய் நின்றாலும், அதன் காத்திருப்பு வரிசையில் இடம் இருக்கும் வரை இயங்குதளம் கைகுலுக்கிவிடும். போஸ்ட்கிரெஸ் எழும்பிக்கொண்டிருக்கும் போதே போர்ட்டைத் திறந்துவிடும்; ஆனால் உள்ளே வருபவருக்கு 'இன்னும் தொடங்கிக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லித் திருப்பி அனுப்பும். போர்ட் திறந்தது என்பதால் தரவுத்தளம் ஆயத்தம் என்று ஆகாது. இதற்காகத்தான் 2013 செப்டெம்பரில் போஸ்ட்கிரெஸ் 9.3-ஓடு 'பிஜி-இஸ்ரெடி' என்ற தனிக் கருவியே வந்தது. அது போர்ட்டோடு நிற்காமல், தரவுத்தளத்தின் மொழியிலேயே 'ஆயத்தமா' என்று கேட்கும். டொக்கர் கொம்போஸிலும் இப்படியான நலச் சோதனை தேறும் வரை மென்பொருளைக் காக்க வைக்கும் வசதி இருக்கிறது. அதைப் பாவியுங்கள்.

மைஎஸ்கியூஎலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. போர்ட்டைத் திறந்து, ஒன்றும் கதைக்காமல் மூடிவிட்டுப் போகிற ஒவ்வொரு சோதனையையும் அது தோல்வியுற்ற இணைப்பாக எண்ணிக்கொள்ளும். நடுவில் சரியான இணைப்பு ஒன்றும் வராமல் அந்த எண்ணிக்கை எல்லையைத் தாண்டினால் உங்கள் கணினியையே தடுத்துவிடும். இப்போதைய பதிப்புகளில் வழக்கமான எல்லை 100. ஐந்து வினாடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும் ஒரு கண்காணிப்பு நிரல் பத்து நிமிடத்துக்குள் அந்த எல்லையைத் தாண்டிவிடும். சேர்வர் நலமா என்று பார்க்க வைத்த நிரலே இணைப்பை அறுத்துவிடும்.

அப்படியென்றால் என்ன செய்வது? கேள்விகளை ஒழுங்காகக் கேளுங்கள். பெயர் சரியான முகவரியைத் தருகிறதா? அந்த முகவரியின் போர்ட் திறந்திருக்கிறதா, மறுக்கிறதா, மௌனமா? திறந்திருந்தால், தரவுத்தளம் ஆயத்தமா? ஆயத்தமென்றால், உங்கள் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஏற்கிறதா? ஒவ்வொரு கேள்வியும் ஒரு படி. இரண்டாவது படியில் மௌனம் வந்தால் பாஸ்வேர்டைத் தொடவே தேவையில்லை. நாலாவது படியில் பிழை வந்தால் பயர்வோலைக் கழற்றத் தேவையில்லை.

நீங்கள் எழுதும் மென்பொருளுக்குள் 'முதலில் போர்ட்டைப் பார், பிறகு இணை' என்று எழுதாதீர்கள். பார்த்த வினாடியில் திறந்திருந்தது அடுத்த வினாடியில் மூடியிருக்கலாம். நேரடியாக இணையுங்கள். காத்திருக்கும் நேரத்துக்கு ஓர் எல்லை வையுங்கள். முடியாவிட்டால் கொஞ்சம் பொறுத்து, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடப் பொறுத்து, திரும்ப முயலும்படி எழுதுங்கள். போர்ட் சோதனை, பிழை வந்த பிறகு மனிதர் காரணம் தேடுவதற்கான கருவி. அந்த இடத்தில் அது ஐம்பது ஆண்டுகளாக மிக நன்றாக வேலை செய்கிறது.

1972-இல் போஸ்டல் இலக்கங்களை ஒழுங்குபடுத்தியது, முன்பின் தெரியாத இரண்டு கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக. 1981-இல் விதிமுறை எழுதியவர்கள், இணைய முடியாதபோதும் ஏன் முடியவில்லை என்பதற்கான ஒரு குறிப்பைப் பதிலோடு அனுப்பி வைத்தார்கள். அந்தக் குறிப்பை வாசிக்காமல் எதையாவது மாற்றிப் பார்ப்பதுதான் நம்மிடையே பெரிய பிழையாக இருக்கிறது. அடுத்த முறை சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும்போது, கையை விசைப்பலகையில் இருந்து எடுத்துவிட்டு அதை முழுதாக வாசியுங்கள். மறுப்பா, மௌனமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு மட்டும் ஏதாவது ஒன்றை, ஒன்றை மட்டும், மாற்றுங்கள்.

அடுத்த காணொளியில் பெயரை முகவரியாக மாற்றும் டி.என்.எஸ்.-இன் வரலாற்றைப் பார்ப்போம். கேள்விகள் இருந்தால் எழுதுங்கள்.